அப்டேட்டை அணைக்கும் அண்ணாச்சிகளுக்கு...

மொதல்லயே சொல்லிடறேன், இது கணினிக்குறிப்பு பதிவு இல்ல. கொஞ்சம் காரமான பதிவு. அல்சர் இருக்கறவங்க இப்பவே ஜகா வாங்கிக்கலாம் :-)

வீட்டுக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் அப்டேட் வரலைன்னு சொன்னா, "வராம இருக்கறதே நல்லதுங்க, அதை ஒரேயடியா ஆஃப் பண்ணிடுங்க"ன்னு அறிவுரை சொல்ற ஒரு கோஷ்டி இருக்கு. தெருமுனை சர்வீஸ் கடையில இருக்கு, ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கு, கல்யாணப் பந்தியில நம்ம இலைக்கு அடுத்த இலையில இருக்கு. ஏன், நம்ம பதிவுலகத்துலயே நாலு பேர் இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்களுக்கே தெரியும்.

இவங்க கையில இருக்கற ஒரே ஆயுதம், "நான் அஞ்சு வருஷமா அப்டேட்டே பண்ணல, எனக்கு ஒண்ணும் ஆகலையே!" அய்யா, ஒண்ணும் ஆகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்ப வர்றவன் எல்லாம் மேளம் அடிச்சிட்டு வர்றதில்ல. பாஸ்வேர்டை எடுத்துட்டு, செருப்புச் சத்தம் கேக்காமப் போயிடறான்.

மேளம் அடிச்சிட்டு வந்த காலமும் உண்டு. 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர் வந்தது ஞாபகம் இருக்கா? திரையில ஒரு பெட்டி வந்து அறுபதுலேர்ந்து எண்ண ஆரம்பிக்கும், முடிஞ்சதும் மெஷின் தானா படுத்து எந்திரிக்கும். அந்த ஓட்டையை அடைக்கற பேட்ச்சை மைக்ரோசாப்ட் ஜூலை 16 அன்னைக்கே குடுத்தாச்சு. புழு கிளம்பினது ஆகஸ்ட் 11. கிட்டத்தட்ட நாலு வாரம் மருந்து கடையில இருந்தது, வாங்கறதுக்குத்தான் ஆள் இல்ல. இதுல கூத்து என்னன்னா, அந்தப் புழு குறிவெச்சுத் தாக்கப் பார்த்ததே விண்டோஸ் அப்டேட் முகவரியைத்தான். எது தனக்கு எமன்னு அதை எழுதினவனுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. நம்ம அண்ணாச்சிகளுக்குத்தான் தெரியல.

அதுக்கப்புறமாவது புத்தி வந்துச்சா? 2017 மே 12, வான்னாக்ரை. பிரிட்டன்ல அரசு ஆஸ்பத்திரிகள்ல கம்ப்யூட்டர் எல்லாம் பூட்டிக்கிச்சு, அப்பாயின்ட்மென்ட், ஆபரேஷன் எல்லாம் தள்ளிப் போச்சு. அதுக்கான பேட்ச் மார்ச் 14 அன்னைக்கே வந்தாச்சு. "அதெல்லாம் பழைய எக்ஸ்பி மெஷின்தாங்க மாட்டுச்சு"ன்னு இன்னமும் சொல்றாங்க. தப்பு. மாட்டினதுல பெரும்பாலானது விண்டோஸ் 7. அந்தத் தேதியில பாதுகாப்பு ஆதரவோட இருந்த, மார்ச்லயே பேட்ச் கிடைச்ச விண்டோஸ் 7.

சரி, பழைய கதை போதும். 2024 பொங்கலுக்குப் பாளையங்கோட்டை போயிருந்தப்ப பார்த்ததைச் சொல்றேன். சித்தப்பா ரிட்டயர்டு வாத்தியார். பென்ஷன் கணக்கு, மின்சார பில், பேத்தி போட்டோ எல்லாமே அந்த ஒரு மெஷின்லதான். "தம்பி, மெஷின் நல்லா ஓடுது. அப்டேட் தொந்தரவே கிடையாது"ன்னு பெருமையாச் சொன்னார். எனக்கு அடிவயித்துல ஏதோ பண்ணுச்சு. அப்டேட் பக்கத்தைத் திறந்தா, மேல சின்ன எழுத்துல ஒரு வரி: சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.

நிறுவனமா? சித்தப்பா வீட்ல இருக்கற ஒரே நிர்வாகம் சித்திதான். அவங்க கம்ப்யூட்டரைத் தொடுறதே இல்ல.

இதைப் படிக்கிறவங்க இந்த ஒரு வரியை மட்டும் மறந்துடாதீங்க. ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்ல இது வந்தா நியாயம். சொந்தக் காசுல வாங்கின வீட்டு மெஷின்ல, அதுவும் அப்டேட் பக்கத்துல வந்தா, யாரோ உள்ள கைவெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்குப் பக்கத்துலயே அமைக்கப்பட்ட கொள்கைகளைப் பார்க்க ஒரு இணைப்பும் இருக்கும், யாரும் சொடுக்கறதில்ல. சொடுக்கினேன். தானியங்கி அப்டேட் முடக்கப்பட்டிருந்தது. ரெஜிஸ்ட்ரியில போய்ப் பார்த்தா இன்னும் அழகு. அப்டேட்டை மைக்ரோசாப்ட்கிட்ட கேக்காம, "உள்ளூர் சர்வர்"கிட்ட கேக்கச் சொல்லி எழுதியிருக்கு. அந்த சர்வரோட முகவரி 127.0.0.1. அதாவது அதே மெஷின்! தன் வீட்டுத் திண்ணையில உக்காந்துகிட்டு, தன்னையே பார்த்து "எனக்கு லெட்டர் வந்திருக்கா?"ன்னு கேட்டுக்கற தபால்காரர் மாதிரி, மூணு வருஷத்துக்கு மேல கேட்டுக்கிட்டே இருந்திருக்கு அந்தப் பாவப்பட்ட பெட்டி.

ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெட்டாங்கன்னா, அப்டேட் சர்வீஸை மட்டும் நிறுத்தினா விண்டோஸ் 10 விடாது. உடைஞ்ச அப்டேட் பாகங்களைச் சரிபண்றதுக்குன்னே ஒரு மருத்துவர் சர்வீஸ் உள்ள இருக்கு, அது திரும்ப எழுப்பி விட்டுடும். அதனால ரெஜிஸ்ட்ரியில ஆணி அடிச்சுட்டாங்க. சித்தப்பாகிட்ட விசாரிச்சா, 2020 கடைசியில மெஷின் மெதுவா இருக்குன்னு ஒரு கடைக்குக் குடுத்தாராம். "இனிமே தொந்தரவு வராது சார்"னு சொல்லி, காசும் வாங்கிட்டு அனுப்பியிருக்காங்க. சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இதுதான் எனக்கு எரியுது. பூட்டைக் கழட்டினவன், கழட்டினேன்னாவது சொல்லணுமா இல்லையா?

மெஷின் நின்னிருந்தது 1909 பதிப்புல. வீட்டுப் பதிப்புக்கு அதோட ஆயுள் 2021 மே 11 அன்னைக்கே முடிஞ்சு போச்சு. ரெண்டே முக்கால் வருஷம் பாதுகாப்பு பேட்ச் ஒண்ணுகூட இல்லாம அதுல பென்ஷன் கணக்கு பார்த்துட்டு இருந்திருக்கார் மனுஷன்.

போட்டோ, ஆவணமெல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, அந்தக் கொள்கை வரிகளை நீக்கி, சர்வீஸைத் திரும்ப இயல்புக்குக் கொண்டுவந்து, மைக்ரோசாப்ட் தளத்துலேர்ந்து அப்டேட் அசிஸ்டென்ட் இறக்கி 22ஹெச்2-க்கு ஏத்தினேன். இது பழைய ஃபைல் எதையும் தொடாது. ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில ஜனவரி மாசத்து அப்டேட்டும் கேபி 5034122 ஒழுங்கா ஏறிடுச்சு. கூடவே வந்த கேபி 5034441 மட்டும் 80070643-ன்னு ஒரு பிழை எண்ணைக் காட்டிட்டு மல்லாந்துருச்சு.

இங்கதான் நான் மைக்ரோசாப்டையும் நாலு சாத்து சாத்தணும். அது என்ன பிரச்னைன்னா, வட்டுல மீட்புக்குன்னு ஒதுக்கியிருக்கற சின்னப் பகுதியில 250 எம்பி காலி இடம் வேணும். அந்தப் பகுதியைப் பத்தாத அளவுக்கு வெட்டினது பெரும்பாலும் அவங்களோட இன்ஸ்டாலரேதான். ஆனா "இடம் பத்தல"ன்னு தமிழ்ல வேணாம், இங்கிலீஷ்லயாவது சொல்லலாம்ல? வெறும் "நிறுவ முடியவில்லை"ன்னு அர்த்தம் வர்ற ஒரு எண். உலகம் முழுக்க ஆளாளுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. கடைசியில, இதுக்குத் தானியங்கித் தீர்வு வராது, கட்டளைத் திரையில போய் நீங்களே பார்ட்டிஷனைச் சுருக்கி விரிச்சுக்கோங்கன்னு கைவிரிச்சுட்டாங்க. ரிட்டயர்டு வாத்தியார் பார்ட்டிஷனைச் சுருக்கணுமாம். விளங்கிடும்! (அந்த பேட்ச் பிட்லாக்கர் பூட்டைத் தாண்டற ஒரு ஓட்டைக்கு. சித்தப்பா மெஷின்ல பிட்லாக்கரே போடல, அதனால நான் அதைத் தொடாம விட்டேன். இதைத்தான் மருந்தை ஆராய்ஞ்சு வேணாம்னு சொல்றதுன்னு சொல்வேன். மருந்துக்கடையையே கொளுத்தறது வேற.)

மைக்ரோசாப்ட் மேல கோபப்பட எனக்கும் காரணம் நிறைய இருக்கு. 2016-ல விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்ற பெட்டியை பெருக்கல் குறியை அமுக்கி மூடினா, அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. 2018 அக்டோபர்ல விட்ட 1809 சில பேரோட டாக்குமென்ட்ஸ் ஃபைல்களையே அழிச்சது, நாலு நாள்ல நிறுத்தி வெச்சாங்க. அதே 2018 ஜனவரியில இன்னும் மோசம். உங்க ஆன்டிவைரஸ் ரெஜிஸ்ட்ரியில ஒரு குறிப்பிட்ட சாவியை எழுதி வெச்சாத்தான் பாதுகாப்பு அப்டேட்டே வரும்னு ஆக்கிட்டாங்க. மெல்ட்டவுன் பேட்ச்சும் சில ஆன்டிவைரஸும் மோதி நீலத்திரை வந்ததால அந்த ஏற்பாடு. காரணம் நியாயம்தான். ஆனா சாவி இல்லாதவனுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது, அப்டேட் சத்தமில்லாம வராமப் போயிடும். ஆன்டிவைரஸே போடாத விண்டோஸ் 7 காரன் அந்தச் சாவியைக் கையாலயே எழுதிக்கணும். எத்தனை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்?

இத்தனையும் தெரிஞ்சுதான் சொல்றேன், இதெல்லாம் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிப் போடறதுக்குக் காரணம். அதுக்கு அமைப்புலயே ஒரு பட்டன் இருக்கு, இடைநிறுத்தம்னு. முழுசா அணைக்கறதுக்கு இதுல ஒண்ணுகூட காரணம் ஆகாது. 1809 வாங்கின கெட்ட பேரை வெச்சு, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு மாசத்து பேட்ச்சையும் தண்டிக்கிறது எந்த ஊரு நியாயம்?

அப்புறம் இன்னொண்ணு. "2024 ஜூலையில பார்த்தீங்கல்ல, ஏர்போர்ட் எல்லாம் நீலத்திரை, எல்லாம் அப்டேட்டால வந்த வினை"ன்னு புதுசா ஒரு வாதம் கிளம்பியிருக்கு. ஜூலை 19 அன்னைக்கு நடந்தது விண்டோஸ் அப்டேட்டே இல்லைங்க. அது கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி தன்னோட பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பின ஒரு ஃபைல். 85 லட்சம் மெஷின்னு மைக்ரோசாப்ட் கணக்கு சொல்லுச்சு, அதெல்லாம் கம்பெனிகளோடது. உங்க வீட்டு மெஷின்ல அந்தச் சாமானே கிடையாது. பக்கத்து ஊர் பஸ் கவுந்ததுக்கு நம்ம வீட்டு சைக்கிளை ஏன்யா விக்கச் சொல்றீங்க?

அப்டேட் வராததுக்குக் காரணம் பெரும்பாலும் சப்பையா இருக்கும், அதான் சோகம். சிமாஸ் பேட்டரி செத்து தேதி 2010-க்குப் போயிருக்கும், சர்வர் சான்றிதழை நம்ப மாட்டேங்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை "மீட்டர்டு"ன்னு குறிச்சிருப்பாங்க, பெரிய ஃபைல் இறங்காது. சி டிரைவ்ல இடம் இருக்காது. இறக்கி வெச்ச பாதி ஃபைல் கெட்டுப் போயிருக்கும், சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரைப் பேர் மாத்தி விட்டா அதுவே புதுசா உருவாக்கிக்கும். அதுக்கும் மசியலைன்னா டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி. பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. இந்த ஒரு மணி நேரத்துக்குச் சோம்பேறித்தனப்பட்டுத்தான் நம்மாளு ரெஜிஸ்ட்ரியில ஆணி அடிக்கிறார்.

அந்த ஆணியோட விலை இப்ப ஏறியிருக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு நீட்டிப்புன்னு அறிவிச்சாங்க, ஆனா 22ஹெச்2-ல இருந்தாத்தான் அதுல சேரவே முடியும். 1909-ல நிறுத்தி வெச்ச மெஷினுக்கு அப்படி ஒரு நீட்டிப்பு இருக்குன்னு திரையில ஒரு வரிகூட வராது.

உங்க அப்பா அம்மா மெஷின் எந்தப் பதிப்புல நிக்குதுன்னு தெரியுமா? தேடு பெட்டியில வின்வெர்னு இங்கிலீஷ்ல தட்டினா எண் வந்துடும். கூடவே அப்டேட் பக்கத்துல அந்த "உங்கள் நிறுவனம்" வரி இருக்கான்னும் ஒரு எட்டு பாருங்க. இருந்தா, மெஷினைக் கடைசியா எந்தக் கடைக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க.