தொலைக்கல்வியும் தொடர்பாடல் திறனும்

2020 மார்ச்சில் கொவிட் 19 தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோதுதான் தொலைக்கல்வி என்ற சொல் எமது வீடுகளுக்குள் நுழைந்தது. தொற்று நீங்கினால் அதுவும் நீங்கிவிடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பாடம் மீண்டும் கைபேசிக்குள் சென்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தின் பாதைகளைத் துண்டித்து, உயர்தரப் பரீட்சையையும் இடைநடுவில் நிறுத்தியது. அப்போதும், மின்சாரமும் சிக்னலும் திரும்பிய பின்னர் எம்மில் பலருக்குச் செயலட்டைகள் வந்து சேர்ந்தது வட்ஸ்அப் வழியாகத்தான். ஆகவே தொலைக்கல்வி எமது கல்வியின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது எனலாம்.

தொலைக்கல்வியின் குறைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சிக்னல், டேட்டா, கைபேசி ஆகிய மூன்றைப் பற்றியே பேசுகின்றனர். அது நியாயமானதே. 2021 இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறியதை உலகமே செய்திகளில் கண்டது. எமது மாவட்டத்திலும் றிவஸ்டன் மலையுச்சியில் பெரிய தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. ஆனாலும் மலை மறைப்பில் வாழும் பிள்ளைகள் ஒரு பாடக்குறிப்பைத் தரவிறக்க வீட்டை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எனினும் சிக்னல் முழுமையாக உள்ள வீடுகளைப் பாருங்கள். சூம் வகுப்பில் அறுபது பேர் இருப்பார்கள். “விளங்கியதா பிள்ளைகள்?” என்று ஆசிரியர் கேட்பார். சில விநாடிகள் அமைதி. பிறகு ஒருத்தி கட்டைவிரல் அடையாளத்தைப் போடுவாள். அதைப் பார்த்து நாற்பது கட்டைவிரல்கள் எழும். வகுப்பு முடிந்தவுடன் தோழியருக்குள் நடக்கும் உரையாடலோ வேறு. “உனக்கு விளங்கிச்சா? எனக்கு ஒண்டும் விளங்கல்ல!” இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியது ஆசிரியரிடம். அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் அது போய்ச் சேர்கிறது.

வகுப்பறையில் எமது மௌனத்தை ஆசிரியர் வாசித்துவிடுவார். முகம் சுருங்கினால், பேனை நின்றுவிட்டால், பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். தொலைக்கல்வியில் கெமரா மூடியிருக்கும். அங்கே எமது சொல் மட்டுமே நாம். சொல்லாதவள் அந்த வகுப்பில் இல்லாதவளே. தொலைக்கல்விக்குத் தொடர்பாடல் திறன் இன்றியமையாதது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

தொடர்பாடல் என்றவுடன் சிலர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதையும் மேடையில் முழங்குவதையும் நினைக்கின்றனர். நான் கூறுவது அதைவிட எளியது. எனக்கு எது விளங்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிவது. “சேர், கேள்வி வளையி விளங்கல்ல” என்று அனுப்பினால் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? “விலை குறையும்போது கேள்வித் தொகை கூடுவது விளங்குகிறது. வருமானம் கூடும்போது வளையியே இடம் மாறுவது ஏன் என்பதுதான் விளங்கவில்லை” என்று எழுதினால் அவருடைய ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். அப்படி எழுத அமரும்போதே பாதி விடை எமக்கே தெரிந்துவிடுவதும் உண்டு.

தொலைக்கல்வியின் வரலாறும் இதையே கூறுகிறது. 1840 களில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தபால் மூலம் சுருக்கெழுத்தைக் கற்பித்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்ப, அவர் அதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். போவதும் வருவதுமாக இரு பக்கமும் நடந்ததால்தான் அது கல்வியாயிற்று. அதற்கும் முன்னர், அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் அரவணைப்பில் வளர்ந்த ஆயிஷா பின்த் தல்ஹாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கடிதம் எழுதினர். அவற்றுக்குப் பதில் எழுதுமாறு அன்னையவர்கள் அவருக்குப் பணித்ததாக அல் அதபுல் முஃப்ரத் என்ற ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம்.

“பெண் பிள்ளைகள் அதிகம் பேசாமலிருப்பதே அழகு” என்று சிலர் கூறலாம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்களே புகழ்ந்துள்ளார்கள். ஒழுக்கத்தோடு கேட்கப்படும் சந்தேகம் அடக்கத்துக்கு மாறானது அல்ல.

அன்புள்ள பெற்றோரே! இது உங்கள் வீட்டோடு நேரடியாகத் தொடர்புடைய விடயம். உயர்தரத்துக்குப் பின்னர் “தூர இடத்துக்கு அனுப்ப இயலாது, வீட்டிலிருந்தே படிக்கட்டும்” என்ற முடிவு எமது ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் எடுக்கப்படுகிறது. 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டங்களும் அவர்களுக்குப் பெரும் வாய்ப்பு. ஆனால் அங்கே நேரடி வகுப்புகள் சொற்பம். திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படைகளையும் தொடர் மதிப்பீடுகளையும் நிறைவுசெய்து தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கு அமரலாம். திகதி தவறினால் தானே தொலைபேசி எடுத்து விசாரிக்க வேண்டும்; அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். பதினெட்டு வயதுவரை தனக்காக ஒரு வார்த்தை பேசப் பழகாத மகள் பத்தொன்பதில் திடீரெனப் பேசிவிடுவாளா? கற்கையை இடையில் கைவிட்ட பல மூத்த சகோதரிகளை “படிப்பு ஏறவில்லை” என்கிறோம். கேட்க ஆளில்லாமல், கேட்கவும் தெரியாமல் நின்றவர்களும் அவர்களுள் இருக்கின்றனர்.

ஆகவே மகளின் சந்தேகத்தை வாப்பாவோ நானாவோ அவளுக்காகக் கேட்க வேண்டாம். அருகில் இருங்கள், அவளே கேட்கட்டும். வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது அவளுக்குரிய நேரம் எது என்பதை முடிவுசெய்து கொடுங்கள். மதிப்புக்குரிய ஆசிரியர்களே! “விளங்கியதா?” என்பதற்குப் பதிலாக “இன்று விளங்காத ஒன்றை ஒவ்வொருவரும் ஒரு வரியில் எழுதுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், கட்டைவிரல்கள் குறைந்து கேள்விகள் கூடும்.

என் சக மாணவியரே! நாளை மண்சரிவோ நோயோ மீண்டும் பாடசாலைக் கதவை மூடலாம். எமது உயர்கல்வி முழுவதும் வீட்டின் ஒரு மூலையிலிருந்தே நடக்கவும் கூடும். இன்று ஆசிரியை கண்முன்னே நிற்கும்போதே கையை உயர்த்திக் கேட்கப் பழகுவோம். இங்கே கேட்டுப் பழகியவளுக்கு அங்கே கெமரா மூடியிருந்தாலும் குரல் வரும், இன்ஷா அல்லாஹ்.