நோவைச் சொல்ல நாணலாமா?

நோய் என்னும் பெயரும் நோதல் என்னும் வினையும் ஓரடியிற் பிறந்தவை என்பதைத் தமிழ் கற்போர் அறிவர். வன்னியில் இன்றும் பிள்ளை தாயிடம் ஓடிச்சென்று, “அம்மா, வயிறு நோகுது” என்றுதான் முறையிடுகின்றது. நம் முன்னோர் நோயை முதலில் அறிந்தது நோவினால். நோவை அறிந்தது நொந்தவர் சொல்லினால். அச்சொல்லுக்குச் செவிகொடாத மருத்துவம் தன் முதற் சான்றையே இழந்துவிடுகின்றது.

இதனை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. அழகு கருதிச் செய்யும் சத்திரசிகிச்சை பெருகிவரும் காலம் இது. வயிற்றுக் கொழுப்பைக் குழாயிட்டு உறிஞ்சுவதும், தளர்ந்த தோலை அரிந்து நீக்கித் தசையை இறுக்கித் தைப்பதும் அவற்றுட் சில. இவற்றைச் செய்துகொண்டோருட் சிலர் பின்னர் வயிற்றுவலி, வயிற்றூதல், ஓங்காளம், மலச்சிக்கல் என வருந்துகின்றனர். வைத்தியர், “காரணம் புலப்படவில்லை” என்கின்றார். ஊராரோ, “அழகுக்கு ஆசைப்பட்டால் அனுபவிக்கத்தானே வேண்டும்” என்கின்றனர். வைத்தியர் சொல்லுக்குப் பின் மேலும் ஆராய இடமுண்டு. ஊரார் சொல் அவ்வாயிலை அடைத்துவிடுகின்றது. நான் மறுப்பது அந்த ஊர்த்தீர்ப்பையே.

காரணம் புலப்படாமை வேறு. காரணம் இல்லாமை வேறு. தசையை இறுக்கித் தைக்கும்போது வயிற்றறையின் உள்ளழுத்தம் கூடும். சிறிது உண்டாலும் வயிறு நிறைந்தாற்போலிருப்பதும் நெஞ்செரிவும் அதனால் நேரலாம். அபின் இனத்து நோவடக்கிகள் குடலசைவைத் தளர்த்தி மலத்தைக் கட்டும். வேறு சில இரைப்பையைப் புண்ணாக்கும். தழும்பில் அகப்பட்ட நரம்பு மாதக்கணக்கில் வலிப்பதும் உண்டு. இவை பெரும்பாலும் ஆற்றத்தக்கவை. அரிதாயினும் கொடியது ஒன்றுண்டு: கொழுப்பை உறிஞ்சும் குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலிற் பாய்ந்துவிடுதல். குடலிறக்கம் உள்ளவர்க்கு இவ்விடர் அதிகம்.

2005 ஒக்டோபரில், அந்நாளைய நைஜீரிய ஜனாதிபதியின் மனைவியார் ஸ்டெல்லா ஒபசாஞ்சோ, ஸ்பெயின் நாட்டு மார்பெல்லா நகரில் இச்சிகிச்சை செய்துகொண்டார். குழாய் வயிற்றறையுட் புகுந்து குடலையும் ஈரலையும் ஊறுபடுத்தியது. இரண்டு நாளில் அவர் இறந்தார். 2009 இல் ஸ்பானிய நீதிமன்றம் அச்சத்திரவைத்தியருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. செல்வமும் செல்வாக்கும் உடைய ஒருவர்க்கே இது நேர்ந்ததெனின், கேட்பாரற்ற பெண்ணொருத்தியின் நிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நாணத்தால் மறைப்பது இவ்விடரை மேலும் பெருக்கும். பெங்களூரில் 2022 மே மாதம் கொழுப்பகற்றும் சிகிச்சையின்பின் இறந்த கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், பெற்றோருக்கு அறிவியாமலே அதற்குச் சென்றிருந்தார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஏச்சுக்கு அஞ்சுபவர் வீட்டாருக்கும் சொல்லார். வேறொரு வைத்தியரிடம் சென்றாலும் முன்னர் நடந்ததைச் சொல்லார். அவ்வைத்தியர் இருட்டிலே தேடவேண்டியவராகின்றார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு, உண்பதையும் உண்டது அறுவதையும் பற்றியன. சமிபாட்டை அத்துணைப் பெரிதாக மதித்தவர் வள்ளுவர். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நாற்கூறாக வகுக்குமிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைக்கின்றது. மருத்துவன் அவனுக்கு அடுத்தே நிற்கின்றான். அம்முறை வைப்பு நாம் சிந்திக்கற்பாலது.

“போரால் நொந்த வன்னிக்கு இது செல்வர் வீட்டுக் கவலையன்றோ?” என்று சிலர் வினவலாம். அன்று. 2009 இல் போர் முடிந்தபின்னும் எறிகணைச் சிதறல்களை உடலிற் சுமந்து வாழ்வோர் நம்மிடையே உளர். மகப்பேற்றுக்காக வயிறு கீறப்பட்ட தாய்மாரும் உளர். காரணம் விளங்காத நோவு அவர்களுக்கும் வருவதே. அழகுக்காக வெட்டுண்டவளின் நோவைப் பார்த்து நகைக்கப் பழகிய நாவு, நாளை இவர்களையும் நோக்கி, “எல்லாம் மனப்பிரமை” என்று கூறத் தயங்காது. நோவுக்குத் தகுதி பார்க்கத் தொடங்கினால் எவருடைய நோவும் தப்பாது.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் இதனை வீட்டிலும் எடுத்துரைக்க வேண்டுகின்றேன். சத்திரசிகிச்சையின்பின் நோவு நாளுக்கு நாள் தணிவதே இயல்பு. அது கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு கல்லாதல், மலமும் காற்றும் பிரியாமை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். எப்போது, எங்கே, என்ன செய்யப்பட்டது என்பதை ஒளியாது சொல்லி, நோய் நிர்ணய அட்டையையும் காட்டுதல் வேண்டும். உடன் செல்வோர் கண்டித்தலை ஒத்திவைத்து, நோவைக் கேட்பாராக.