சிநேகிதருக்கு மைல்ஸ் டிக்கெட் எடுத்துத் தரலாமா?

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம். தீபாவளி, பொங்கல், கோடை லீவு என்று ஊருக்குக் கிளம்பும் சீசன் வந்தாலே மும்பையில் நம்மவர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "உங்ககிட்டதான் பாயிண்ட்ஸ் நிறைய கெடக்கே சார், எங்க வீட்டுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுக் குடுங்களேன்." கேட்பவர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார். கேட்கப்பட்டவருக்கோ பெருமை தாங்காது. "அதுக்கென்ன, சும்மாதானே கெடக்கு" என்று அன்று ராத்திரியே புக் பண்ணிவிடுவார்.

இந்த "சும்மாதானே கெடக்கு"தான் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுங்கள். நண்பருக்கு என்றால் பத்து தடவை யோசியுங்கள். உதவி செய்தே ஆகவேண்டும் என்றால் பாயிண்ட்டாக வேண்டாம், பணமாகக் கொடுங்கள். "பேங்க்காரன் புத்தி போகுதா பார்" என்று சிரிக்காமல் மேலே படியுங்கள் :-)

பாயிண்ட் யாருடையது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் தன் மைலேஜ் திட்டத்தை ஆரம்பித்ததிலிருந்து இந்த வியாபாரம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது நம்மில் பலருக்கு மைல்ஸ் சேர்வது பறந்து பறந்து அல்ல. கிரெடிட் கார்டில் மளிகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டித்தான். ஆனாலும் நம் நினைப்பு என்ன? பேங்க் சேவிங்ஸ் கணக்கு மாதிரி இதுவும் நம் பணம் என்று.

இல்லை. சேவிங்ஸ் கணக்கில் இருப்பது பேங்க் உங்களுக்குத் தரவேண்டிய கடன். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மைல்ஸ் அப்படியல்ல. பெரும்பாலான திட்டங்களின் விதிமுறையில், பாயிண்ட்டின் மதிப்பை மாற்றவும், காலாவதி ஆக்கவும், கணக்கையே மூடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். விற்கக் கூடாது என்றும் இருக்கும். நாமும் படிக்காமலே "சம்மதம்" என்று டிக் அடித்திருப்போம்.

அமெரிக்காவில் கின்ஸ்பெர்க் என்ற ஒரு யூத மதகுரு இருந்தார். அடிக்கடி பறப்பவர். அவருடைய உறுப்பினர் கணக்கை நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2008-ல் மூடிவிட்டது. அளவுக்கு மீறிப் புகார் சொல்கிறார் என்பது கம்பெனி தரப்பு. நியாயமில்லை என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாக, அவர் எழுப்பிய "நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை" என்ற வாதம் விமானத்துறைச் சட்டத்தின் முன் எடுபடாது என்று சொல்லிவிட்டது. நம் ஊரிலும் பார்த்தோமே. 2012-ல் கிங்ஃபிஷர் தரையில் நின்றது, கிங் மைல்ஸும் அதோடு போச்சு.

சரி, இதற்கும் நண்பருக்கும் என்ன சம்பந்தம்? நமக்கே முழுசாகச் சொந்தமில்லாத ஒன்றை நாம் இன்னொருவருக்குப் பரிசு என்று கொடுக்கிறோம். அதுதான் சம்பந்தம்.

டிக்கெட்டில் பெயர் அவருடையது, கட்டுப்பாடு உங்களுடையது

எனக்குத் தெரிந்த ஒரு சகா, டோம்பிவிலியில் இருக்கும் தன் நண்பருக்கு மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நண்பரின் அக்கா பேரனுக்கு இல்லை, மகனுக்கே காதுகுத்து. இவர்தான் தாய்மாமன். மடியில் உட்காரவைக்க வேண்டியவர். இதைவிட முக்கியமான பயணம் உண்டா?

புறப்பட வேண்டிய விமானத்தின் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். மெசேஜ் யாருக்கு வந்தது? புக் பண்ணினவருக்கு. அவரோ அன்று டிரெயினிங்கில், போன் சைலன்ட்டில். தாய்மாமன் ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் மூடியாச்சு. அங்கே கேட்டால், "இது மெம்பர் கணக்கில் எடுத்த டிக்கெட், மெம்பர்தான் பேசவேண்டும்" என்கிறார்கள். மெம்பர் போனை எடுத்தபோது, மாற்று விமானத்துக்கு மைல்ஸ் சீட் இல்லை. கடைசியில் கைக்காசில் சென்னைக்கு டிக்கெட் வாங்கி, அங்கிருந்து கார் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. பிள்ளை சித்தப்பா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இருபது வருஷப் பழக்கம். ஒருவருக்கு "ஓசியில கொடுத்தா இப்படித்தான், மெசேஜைக்கூடப் பாக்கல" என்று கோபம். இன்னொருவருக்கு "கொடுத்ததும் இல்லாம ஏச்சும் வாங்கணுமா" என்று கோபம். இருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சமாதானம் பண்ணவே முடியவில்லை!

காசு கொடுத்து அவரே வாங்கிய டிக்கெட்டாக இருந்தால் மெசேஜ் அவருக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் அவர் சண்டை கம்பெனியோடு போயிருக்கும். பாயிண்ட் டிக்கெட்டில் கம்பெனிக்கும் பயணிக்கும் நடுவில் நாம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். நண்பர் இறங்கி வீட்டுக்குப் போகும்வரை நாம் சம்பளமில்லாத டிராவல் ஏஜென்ட். தேதி மாற்ற வேண்டுமா, நாம்தான். கேன்சலா, நாம்தான். ஓடிபி வருவதும் நமக்குத்தான்.

பெயரும் மாற்ற முடியாது. நம் ரயில்வேயில்கூட, கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி என்று குடும்பத்துக்குள் மாற்றித் தருகிறார்கள். விமானத்தில் அந்தப் பேச்சே கிடையாது. "நான் வரல, என் தம்பி போகட்டுமே" என்று நண்பர் சாதாரணமாகச் சொல்வார். முடியாது என்று சொன்னால் நாம்தான் கொடுக்க மனசில்லாமல் சாக்கு சொல்கிறோம் என்று நினைப்பார்.

சில திட்டங்களில் யாருக்கு எடுக்கலாம் என்பதற்கே பட்டியல் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரைத்தான் சேர்க்க முடியும். நண்பரைச் சேர்த்தால் வீட்டில் ஒருவருக்கு இடம் போச்சு. பிறகு மாமியாருக்கு டிக்கெட் எடுக்க முடியாமல் போனால் வீட்டில் என்ன பதில் சொல்வீர்கள்?

ஓசி டிக்கெட் ஓசி இல்லை

பாயிண்ட் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். வரி, ஏர்போர்ட் கட்டணம், சில கம்பெனிகளில் எரிபொருள் சர்சார்ஜ் எல்லாம் ரொக்கம். உள்நாட்டில் அது சின்னத் தொகை. வெளிநாடு என்றால் தலை சுற்றும். "ஃப்ரீ டிக்கெட்" என்று சொல்லிவிட்டு அப்புறம் "ஒரு ரெண்டாயிரம் அனுப்புங்க" என்று கேட்க நமக்குக் கூச்சம். கேட்காமல் விட்டால் மனசில் முள். அந்த வரியை உங்கள் கார்டில் கட்டியிருந்தால், சில கம்பெனிகள் செக்-இன்னில் "கார்டு எங்கே" என்று கேட்பதும் உண்டு. கார்டு உங்கள் பர்ஸில், நண்பர் ஏர்போர்ட்டில்.

கேன்சல் ஆனாலும் தலைவலிதான். பாயிண்ட் திரும்பி வரும், கட்டணம் கழித்துக்கொண்டு. அதற்குள் காலாவதியாகியிருந்தால் பல திட்டங்களில் திரும்பி வந்தும் பிரயோஜனம் இல்லை. கார்டிலிருந்து விமானக் கணக்குக்கு மாற்றிய பாயிண்ட்டைத் திரும்பக் கார்டுக்குக் கொண்டுபோகவும் பொதுவாக வழியில்லை. "லீவு கெடைக்கல, கேன்சல் பண்ணிடுங்க சார்" என்று சொல்பவருக்கு இதெல்லாம் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நல்ல மனுஷர், சும்மா வாங்கிக்கொள்ளப் பிடிக்காமல் யூபிஐயில் ஐயாயிரம் அனுப்பி, குறிப்பில் "ஃப்ளைட் டிக்கெட்" என்று எழுதிவிடுகிறார். அவர் மரியாதைக்குச் செய்தது. வரி அளவுக்கு வாங்குவதில் தப்பில்லை. அதற்கு மேல் வாங்கினால் கம்பெனி கண்ணில் அது பாயிண்ட்டை விற்றதாகும். விற்பனை என்று தெரிந்தால் டிக்கெட்டையும் ரத்து செய்யலாம், கணக்கையும் மூடலாம். பாதி வழியில் மாட்டிக்கொள்வது நண்பர்.

ஆபீஸ் சிநேகிதம் என்றால்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-ல் பரிசு என்றால் பொருள் மட்டுமல்ல. இலவசப் பயணம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் பரிசுதான். நெருங்கிய உறவினரோ, அலுவல் தொடர்பு இல்லாத சொந்த நண்பரோ கொடுத்தால் மட்டும் அந்தக் கணக்கில் வராது. பொதுத்துறை வங்கிகளின் விதியும் இதே மாதிரிதான்.

முன்பு இருந்த கிளையில், என் மேஜையில் கடன் ஃபைல் இருந்த ஒரு வாடிக்கையாளர், அவரும் தமிழர்தான், "பசங்களைக் கூட்டிட்டு ஊருக்குப் போய்ட்டு வாங்க சார், பாயிண்ட்ஸ் வீணாத்தான் போகுது" என்றார். அவர் மனசில் லஞ்சம் என்ற எண்ணமே இல்லை. வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் டிக்கெட்டில் என் பெயர், புக் பண்ணினவர் கணக்கில் அவர் பெயர். ரெக்கார்டு என்றைக்கும் அப்படியே இருக்கும். உங்கள் நண்பர் அரசு வேலையிலோ வங்கியிலோ இருந்து, உங்களுக்கு அவரிடம் ஏதாவது காரியமும் இருந்தால், தயவுசெய்து இந்த அன்பை அவருக்குக் காட்டாதீர்கள்.

அந்த பாயிண்ட் எப்படி வந்தது என்பதும் முக்கியம். அரசுச் செலவில் பறந்து சேர்த்த மைல்ஸை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை என்று மத்திய நிதி அமைச்சகத்தின் உத்தரவு இருக்கிறது. ஜெர்மனியில் 2002-ல் அலுவல் மைல்ஸைச் சொந்தத்துக்கு எடுத்த விவகாரத்தில் கிரிகோர் கீசி பெர்லின் மாநில அமைச்சர் பதவியையே ராஜினாமா செய்தார். அப்படிப்பட்ட பாயிண்ட்டை நண்பருக்குத் தானம் செய்வது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுதான்.

மொய் நோட்டில் எழுத முடியாத மொய்

இதுவரை சொன்னதெல்லாம் விதி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

நம் ஊரில் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், "அன்பைக் கூட நோட்டில் எழுதுவீர்களா" என்று. ஆனால் அதில் ஒரு ஞானம் இருக்கிறது. வாங்கினவருக்கு எவ்வளவு என்று தெரியும். எப்போது, எப்படித் திருப்பிச் செய்யவேண்டும் என்றும் தெரியும். செய்து முடித்தால் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

பாயிண்ட்டுக்கு அந்த அளவு கிடையாது. நீங்கள் 12,000 பாயிண்ட் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனசில் அது தீபாவளி சமயத்து டிக்கெட் விலை, பன்னிரண்டாயிரம் ரூபாய். வாங்கினவர் மனசில் "சும்மா கெடந்தது", அதாவது சைபர். நாளைக்கு உங்கள் பெண் கல்யாணத்தில் அவர் ஆயிரத்தொன்று எழுதினால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அவருக்கோ ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றே புரியாது. இன்னும் சிலர் நேர்மாறு. பட்ட கடனுக்கு அளவு தெரியாததால் வாழ்நாள் முழுக்க உங்கள் முன்னால் குனிந்தே நிற்பார்கள். சிநேகிதம் என்பதே சமமாக உட்கார்ந்து காபி குடிப்பதுதானே. அது போய்விடும்.

வெளியூரில் இருக்கும் நமக்கு நண்பர்கள்தான் சொந்தம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது பங்காளி அல்ல, பக்கத்து ஃபிளாட்காரர். அந்த உறவை ஏர்லைன்ஸ் கம்பெனியின் விதிமுறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அப்படியும் கொடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு

1. அவருடைய போன் நம்பரையும் மின்னஞ்சலையும் புக்கிங்கில் சேர்க்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

2. பெயரை ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ பார்த்து எழுதுங்கள். நம் இனிஷியல் குழப்பம் ஊரறிந்தது.

3. வரி எவ்வளவு, கேன்சல் பண்ணினால் என்ன ஆகும், தேதி மாற்ற முடியுமா, மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. முகூர்த்தம், இன்டர்வியூ, ஆபரேஷன் மாதிரி நேரம் தவறக் கூடாத பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

5. பயண நாளில் உங்கள் போன் கையில் இருக்கட்டும். இருக்க முடியாது என்றால் எடுக்காதீர்கள்.

6. கொடுத்ததை மறந்துவிடுங்கள். மறக்க முடியாது என்று தோன்றினால் கொடுக்காதீர்கள்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் பாயிண்ட்டில் உங்கள் குடும்பத்துக்கு டிக்கெட் எடுங்கள். அதனால் கையில் மிச்சமாகும் பணத்தை நண்பருக்குக் கைமாற்றாகவோ அன்பளிப்பாகவோ கொடுங்கள். அவர் டிக்கெட்டை அவரே, அவர் பெயரில், அவர் போனில் எடுத்துக்கொள்ளட்டும். நோட்டில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.