கூதிர் மழையில் நனையும் பிள்ளைக்குக் கடன் வாங்கிய இலையுதிர் காலமா?

துலைத் திங்கள் (ஐப்பசி) பிறந்துவிட்டது. கீழ்வானில் கொண்டல் திரள்கின்றது. கொற்றலையாறும் ஆரணியாறும் செந்நீர் சுமந்து கடல்நோக்கி ஓடும் காலம் இது. திருவள்ளூர் மாவட்டத்து வயல்களில் சம்பா நாற்று வேர்கொண்டு பச்சை பிடிக்கின்றது. வேலிதோறும் பீர்க்கு மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கின்றது. ஆண்டு முழுமைக்கும் குடிக்கவும் உழவு செய்யவும் வேண்டிய நீரை வானம் நமக்கு அளந்து தரும் பருவம் இதுவே.

இதே நாளில், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகம் வரை தெருவுக்கொன்றாய் முளைத்துள்ள ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளுள் பலவற்றின் சுவர்களைச் சென்று நோக்குக! மஞ்சளும் செம்மையுமாய் இலையுதிர்க்கும் மேப்பிள் மரம் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். செபுதம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று பிள்ளைகள் ஒருவாய்ப்பட ஒப்பிப்பார்கள். தாளில் இலை வெட்டுவார்கள். அதற்குச் செவ்வண்ணம் தீட்டுவார்கள். பலகணிக்கு வெளியே வேம்பும் புங்கும் மழையில் குளித்துத் தழைத்து நிற்கும். அதை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. பார்க்குமாறு சொல்வாரும் இல்லை.

இதனைச் சிறு செய்தியென்று கருதுவார் கருதுக. நாம் அவ்வாறு கருதவில்லை. ஐந்து அகவைப் பிள்ளைக்குக் கண்தான் முதல் ஆசிரியர். அக்கண் கண்டதைப் பொய்யென்றும், அச்சிட்ட தாளில் உள்ளதே மெய்யென்றும் பழக்குவது கல்வியன்று. அறிவை அடிமைப்படுத்தும் முதற்படி அது. தன் வானத்தைத் தானே நம்பாத பிள்ளை, பிறகு தன் மொழியையும் நம்பாது. தன் மக்களையும் நம்பாது.

இலையுதிர் காலம் என்பது என்ன? நண்ணிலக் கோட்டு நாடுகளில் கோடை கழிந்ததும் பகற்பொழுது குறுகும், குளிர் ஏறும். இலையிலுள்ள பச்சையம் சிதையும். அதுவரை அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படும். சில மரங்களில் செந்நிறமியும் புதிதாய் ஊறும். உறைபனியில் இலையைக் காத்துநிற்க இயலாமையால் மரம் அதனை உதிர்த்துவிடும். இஃது இங்கிலாந்துக்கு உண்மை, கனடாவுக்கு உண்மை. கும்மிடிப்பூண்டிக்கு உண்மையன்று.

நம் மரங்களும் இலையுதிர்க்கத்தான் செய்கின்றன. ஆனால் எப்பொழுது? மழை ஓய்ந்து, பனி கழியுங்கால், நிலத்தின் ஈரம் வற்றத் தொடங்கும் கும்பம், மீனம் (மாசி, பங்குனி) ஆகிய திங்கள்களில்தான் வேம்பும் அரசும் உதிர்க்கின்றன. குளிருக்கு அஞ்சியன்று, வறட்சிக்கு அஞ்சியே நம் மரங்கள் இலையைக் கழிக்கின்றன. உதிர்ந்த சின்னாளிலேயே அரசு செந்தளிர் விடும். சிவந்த இலையைப் பிள்ளைக்குக் காட்டத்தான் வேண்டுமென்றால் நாட்டு வாதுமை இருக்கின்றது. உதிருமுன் அதன் இலை குருதிபோல் சிவக்கும். மேப்பிளைத் தேடிக் கடல்கடக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலம் பேசும் ஆத்திரேலியாவிலேகூட இலையுதிர் காலம் மார்ச்சு முதல் மே வரைதான். அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டோரும் இங்கிலாந்தின் திங்கள் கணக்கைத் தம் பிள்ளைகள்மேல் சுமத்தவில்லை. அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள நூங்கர் பழங்குடியினர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்திருந்தனர். இன்று மேற்கு ஆத்திரேலியப் பள்ளிகளில் அவ்வாறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படுகின்றன. நாமும் ஆறாகப் பகுத்தவர்களே. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பகுத்து, தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் உரிமையாக்கினார். மடங்கலும் கன்னியும் (ஆவணி, புரட்டாசி) கார். துலையும் நளியும் (ஐப்பசி, கார்த்திகை) கூதிர். முல்லைப்பாட்டு காரைப் பாடுகின்றது. நெடுநல்வாடை கூதிரைப் பாடுகின்றது. இவ்வளவு செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளையை நான்கு பருவங்களை இரந்து நிற்கச் செய்கின்றோம்!

இவ்விடத்து ஒன்று சொல்லவேண்டும். அயலார் வகுப்பறையில் செய்யும் முறைகளை நாம் பழிக்கவில்லை. இலை பொறுக்குதல், ஒட்டுதல், எண்ணுதல், பாடுதல், நடந்து பார்த்தல் ஆகியவை நல்ல முறைகள். நம் அரசுப் பள்ளிகளிலும் 2007–08 முதல் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022–23இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. ஏர் நல்ல ஏர்தான். அதை நம் நிலத்தில் பூட்டுக என்பதே நம் வேண்டுகோள். அக்குதோபர் முதல் திசம்பர் வரையிலான பள்ளி நாள்கள் பெரும்பாலும் கூதிரோடு பொருந்தி நிற்கின்றன. இந்நாள்களில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் காசு செலவின்றிச் செய்யத்தக்கன சிலவற்றை இங்கே வரிசைப்படுத்துகின்றோம்.

முதலாவது, மழையை அளத்தல். வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள நேர்க்குழல் ஏனம் ஒன்றைத் திறந்தவெளியில், மரநிழலும் கூரைத்தாழ்வாரமும் படாத இடத்தில் வைக்க. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளவுகோலால் நீரின் உயரத்தை மி.மீ. கணக்கில் அளந்து சுவரில் எழுதுக. பிறகு ஏனத்தைக் கவிழ்த்துவிடுக. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எண் எழுதும் பயிற்சி. மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல். ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கல். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அஃது 1 இலிட்டர் நீர். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைக் கூரைமேல் 25 மி.மீ. பெய்தால் 1,200 இலிட்டர்! அந்நீர் எங்கே போகின்றது என்று பிள்ளை கேட்கும். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி தன் பள்ளியில் உள்ளதா, தூர்ந்து கிடக்கின்றதா என்று அப்பிள்ளையே தேடிப் பார்க்கும்.

இரண்டாவது, காற்றின் திசை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நான்கு திசைக்கும் நான்கு பெயர். ஒரு கழியில் துணிக்கொடி கட்டி, கீழே நான்கு திசையும் கீறி, இன்று எக்காற்று என்று நாள்தோறும் ஒரு பிள்ளையைச் சொல்லச் செய்க. திசையறிவும் சொல்லறிவும் ஒருங்கே வரும். தூறல், சாரல், தூவானம், பெயல், அடைமழை ஆகிய சொற்களின் வேறுபாட்டை நூலில் படிப்பதைவிடத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தே பிள்ளை நன்கு அறியும்.

மூன்றாவது, நீர்த்தேக்கக் கணக்கு. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கொற்றலையாற்றின் குறுக்கே கட்டிமுடிக்கப்பட்டது. அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சோழவரம் ஏரி 1,081. கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளின் அண்டையிலேயே, கண்ணன்கோட்டை – தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது, அது 500. மழைக்காலத்தில் இவற்றின் நீரளவு நாளிதழ்களில் வருகின்றது. கிழமைக்கு ஒருமுறை அதனைப் பார்த்து மூன்று பட்டைகளாக வரைந்து நீலம் தீட்டட்டும். சென்னை குடிக்கும் நீர் தம் ஊர்வழியே செல்கின்றது என்னும் பெருமிதம் அப்பிள்ளைகளுக்கு இப்பாடத்திலிருந்து பிறக்கும்.

நான்காவது, உயிர்களை நோக்குதல். முதல் மழைக்குப்பின் ஈசல் எப்பொழுது பறந்தது? செம்பட்டுப் போன்ற மூதாய்ப் பூச்சி எந்நாள் தரையில் ஊர்ந்தது? தவளை முதலில் குரலெழுப்பியது எவ்விரவு? ஒரு பழைய ஏட்டில் நாளிட்டு எழுதிவைக்க. அடுத்த ஆண்டும் எழுதுக, ஒப்பிட்டுப் பார்க்க. அறிவியல் என்பது இதுதான். கிழக்கே பழவேற்காட்டு ஏரி இருக்கின்றது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாம் பெரிய உவர்நீர் ஏரி. கூதிரில் தொடங்கிப் பனிக்காலம் முழுதும் அங்கே பூநாரைகளும் வலசை வாத்துகளும் வந்து தங்குகின்றன. தொலைநாட்டுப் பறவை நம் ஏரியைத் தேடி வருகின்றது. நம் பிள்ளையோ அதன் பெயரும் அறியாமல் இருக்கின்றது. ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்டுக.

ஐந்தாவது, விதைத்துப் பார்த்தல். பனை நம் நாட்டு மரம். பள்ளி மூலையில் ஈர மணலைக் குவித்துப் பனங்கொட்டைகளைப் பிள்ளைகளே பதிக்கட்டும். பொங்கலையொட்டித் தோண்டினால் கிழங்கு கிடைக்கும். அதை அவித்துப் பகிர்ந்துண்ணும் நாளே அப்பாடத்தின் தேர்வு நாள்.

ஆறாவதாகச் சொல்வது விளையாட்டன்று, உயிர்க்காப்பு. 2015இலும், 2023 திசம்பரில் மிச்சாங் புயலின்போதும் சென்னையும் இம்மாவட்டமும் வெள்ளத்தில் பட்டபாட்டை நாம் மறக்கவில்லை. மழைநாளில் ஏரியும் குட்டையும் மண்ணெடுத்த பள்ளமும் ஒரே மட்டமாய்த் தோன்றும். அடியில் ஆழம் வேறு. மதகருகே நீர் இழுக்கும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்கலாகாது. அறுந்த மின்கம்பியின் அருகே போகலாகாது. நீர் வடிந்த இடத்தில் பாம்பிருக்கும். இவற்றைத் துலைத் திங்களின் முதற் கிழமையிலேயே, பிள்ளைக்கு விளங்கும் மொழியில், தன் ஊர் ஏரியின் பெயரையும் குட்டையின் பெயரையும் சொல்லிக் கற்பிக்க வேண்டும். காணாத நாட்டின் உதிர்ந்த இலையைப் பற்றி அழகாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருமுனைப் பள்ளத்தின் ஆழம் தெரியவில்லையென்றால், அக்கல்வி அப்பிள்ளையைக் காக்குமா? இப்பொழுது நம் பிள்ளைகள் அறிந்த மழைக்காலம் ஒன்றே ஒன்று: மாவட்ட ஆட்சியர் விடும் விடுமுறை!

‘ஆங்கிலப் பருவத்தையும் கற்றால் என்ன குறைந்துவிடும்?’ என்று சிலர் கேட்பர். குறையாது, கற்கட்டும். தன் பருவத்தை அறிந்தபின், ஐந்தாம் வகுப்பில் உலகப்படத்தை விரித்து, அங்கே இலையுதிரும்போது இங்கே ஏன் மழை பொழிகின்றது என்று ஒப்பிட்டுக் கற்கட்டும். அது நிலநூல் அறிவு. தன்னதை அறியாமல் பிறனதை ஒப்பிப்பது கிளியறிவு.

இனிச் சட்டத்தின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். தமிழறிஞர்களின் உண்ணாநோன்பையடுத்து 1999இல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழே அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று அரசு ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர்முறைமன்றம் அதனை நீக்கியது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனால் பாடமாகத்தான், பயிற்றுமொழியாக அன்று. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் படிப்படியாய்ப் பெருகின. பயிற்றுமொழியைப் பெற்றோர்மேல் அரசு சுமத்தலாகாது என்று கருநாடக வழக்கில் 2014இல் இந்திய உச்சமுறைமன்றம் கூறிவிட்டது. ஆகவே நாளில் ஒரு பாடவேளை தமிழ். எஞ்சிய வேளையெல்லாம் அயல்மொழி, அயல்வானம், அயல்மரம். சட்டத்தின் கதவு சாத்தியிருக்கும்போது நாம் கைகட்டி நிற்பதா? சட்டம் தடுக்காத வழி ஒன்று இருக்கின்றது. ஆசிரியர் தம் வகுப்பறைக் கதவைத் திறந்து பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்வதை எம்முறைமன்றமும் தடுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இன்னொரு கடமையும் நமக்குண்டு. சிப்காட் ஆலைகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உழைக்கும் மக்கள் வருகின்றனர். எல்லையையொட்டித் தெலுங்கு பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. தாய்மொழியில் கற்கும் உரிமை தமிழ்ப் பிள்ளைக்கு வேண்டுமென்று கேட்கும் நாம், அப்பிள்ளைகளுக்கும் அதுவே உரிமையென்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். மழைக்கு உன் வீட்டில் என்ன சொல் என்று அப்பிள்ளையைக் கேட்டு, அச்சொல்லையும் கரும்பலகையில் தமிழெழுத்தில் எழுதுக. மழை ஓய்ந்தபின்தான் சூளை மூளும் என்பதை அப்பிள்ளை நம்மைவிட நன்றாக அறியும். அதனையே ஆசிரியராக்கி வகுப்புக்குச் சொல்லச் செய்க. நம் பகை எம்மொழியும் அன்று. ஒருமொழி பிறமொழியின் வாயை அடைக்கும் ஆதிக்கமே நம் பகை.

ஆசிரியப் பெருமக்களே! கல்வித்துறையின் ஆணைக்குக் காத்திராதீர்கள். நாளைக் காலையில் ஒரு நேர்க்குழல் ஏனம், ஒரு துணிக்கொடி, ஒரு பழைய ஏடு, இம்மூன்றும் போதும். பெற்றோர்களே! மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாய்க் கொட்டும் பள்ளியில், எம் பிள்ளைக்கு எம் மண்ணின் ஆறு பருவங்களையும் ஏன் கற்பிக்கவில்லை என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பார்கள். பதின்மர் கேட்டால் சுவரிலுள்ள மேப்பிள் இலை தானே உதிரும்.

தனித்தமிழ் இயக்கத்துக்கு மறைமலையடிகள் 1916இல் வித்திட்டார். அது வெறும் சொற்களைக் களையெடுக்கும் இயக்கமன்று. தமிழன் தன் கண்ணால் உலகைக் காணவும், கண்டதைத் தன் வாயால் சொல்லவும் வேண்டும் என்பதே அதன் உயிர்க்கொள்கை. ‘வாடை’ என்னும் சொல்லை அகரமுதலியில் காப்பது பாதி வேலை. அக்காற்று முகத்தில் படும்போது, ‘இது வாடை’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை வளர்ப்பதே மீதி வேலை. அவ்வேலைக்குரிய பருவம் இப்பொழுது வாயிலில் வந்து நிற்கின்றது. கதவைத் திறப்போம்!