பலகை போதாது, வேலி வேண்டும்

நாய்க்கடிக்கு மருத்துவம் பெற வருவோரிடம் நான் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, கடித்தது தெருநாயா, வளர்ப்பு நாயா என்பது. "தெரிந்தவர் வீட்டு நாய்தான் டாக்டர்" என்று உடன் வந்த உறவினர் சொல்லும்போது அவர் குரலில் ஓர் ஆறுதல் இருக்கும். அந்த ஆறுதலை என்னால் முழுமையாகப் பகிர்ந்துகொள்ள இயலுவதில்லை. தெரிந்த நாயின் பல்லும் அதே ஆழத்திற்குத்தான் இறங்கும். தடுப்பூசி போட்டீர்களா என்று உரிமையாளரிடம் கேட்டால், "போட்டதாகத்தான் ஞாபகம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அக்கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் நானே நின்றேன். பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த என் தந்தையாருக்குப் பயிற்சி அளிக்க நாள்தோறும் ஓர் இளைஞர் வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாய் ஒன்று உண்டு. ஒருநாள் காலை, பின்கட்டில் அடைத்திருந்த அந்நாய் நான்கடிச் சுவரைத் தாண்டி வந்து அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. நாய்க்குத் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருந்தது; அட்டையும் கையில் இருந்தது. ஆயினும் காயம் ஆழம். அவர் பதினொரு நாள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. நாள் கணக்கில் ஊதியம் பெறுபவர் அவர்.

வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை நான் சுட்டியபோது அவர் அமைதியாகச் சொன்னார்: "பலகையைப் பார்த்தேன் சார். உள்ளே வரச் சொன்னதும் நீங்கள்தானே." அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நோயாளியை இல்லத்தில் வைத்துப் பேணும் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். செவிலியர், இரத்தம் எடுக்க வருபவர், ஆக்சிஜன் உருளை கொண்டுவருபவர் ஆகிய எல்லோரும் நாம் அழைத்து வருபவர்கள். அஞ்சித் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வழியில்லை. பலகை நம் பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றுகிறது. சட்டமும் அப்படிப் பார்ப்பதில்லை. வளர்ப்பு விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

"இனிக் கட்டியே போடுங்கள்" என்றனர் உறவினர். நான் அதற்கு உடன்படவில்லை. நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய், தப்பியோட வழியில்லை என்று உணர்வதால், நெருங்குவோரைக் கடிக்கவே முற்படும். மட்டுமீறிக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், கட்டியே வைத்திருக்கும் நாயை உலவவிடாமல் புறக்கணிப்பதையும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கொடுமை என்றே வகுத்துள்ளது. எனவே வேலி போட முடிவு செய்தேன். முதல் வேலியைத் தவறாகப் போட்டேன். அத்தவறுகளை விரிவாகச் சொல்வது பிறருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

கடைக்காரர் காட்டியவற்றுள் விலை குறைந்த செயின்லிங்க் வலையை வாங்கினேன். 14 கேஜ் கம்பி. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை அன்று நான் அறியேன். 14 கேஜ் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர் பருமன்தான். வலிய நாய் சில வாரங்களில் அதை வளைத்துவிடும். 12 கேஜ் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர், 10 கேஜ் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். நடுத்தர நாய்க்கு 12, இராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு 10 என்று கொள்வது தகும். துத்தநாகப் பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை கோழிக்கே உரியது. முள்கம்பியை எக்காரணம் கொண்டும் நாய்க்கு வேலியாக்க வேண்டாம். அது நாயின் தோலைக் கிழிக்கும், குழந்தைகளின் கையையும் கிழிக்கும்.

அடுத்த தவறு தூண்களில். எங்கள் பகுதி கரிசல் மண். ஓரடிக் குழியில் நட்ட தூண்கள், ஐப்பசி மழையில் மண் உப்பியதும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்தன. இரண்டாம் முறை, இரண்டரை அடிக்கும் கீழே கெட்டியான நிலம் தட்டும்வரை தோண்டி, கிராவல் இட்டுக் கெட்டித்து, கான்கிரீட்டில் நிறுத்தினோம். தூண்களுக்கிடையே எட்டடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். மூலைத்தூண்களுக்கு இருபுறமும் முட்டு கொடுக்க வேண்டும். வலையை இழுத்துக் கட்டும் பாரம் முழுவதும் அங்கேதான் வந்து சேரும். மேலும் கீழும் நடுவிலும் கனத்த கம்பி ஓட்டி, அதில் வலையைக் கட்டுக்கம்பியால் பிணைக்க வேண்டும். வலை தூணுக்கு நாய் இருக்கும் பக்கமாக அமையட்டும். அப்போது நாய் முட்டினாலும் வலை தூணில் சாயும், கட்டு அறுந்து விலகாது. கட்டுக்கம்பியின் வெட்டு முனைகள் வெளிப்பக்கம் மடிந்திருக்கட்டும்.

உயரத்தில் நாயின் இனம் பார்க்க வேண்டும். சாதாரண நாட்டு நாய்க்கு ஐந்தடி பெரும்பாலும் போதும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடிப் பாய்வதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆறடி வலையும், அதற்கு மேல் உட்புறமாக 45 பாகை சாய்த்த ஒன்றரை அடி வலையும் இன்றி அவற்றை நம்ப இயலாது. கீழே தோண்டிச் செல்வதைத் தடுக்க, இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு இணைத்து, உட்புறத் தரையில் படுக்க வைத்து மண்ணும் கல்லும் இட்டு மூடுங்கள். நாய் வேலியோரத்தில்தான் தோண்டும். நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும்.

மருத்துவன் என்ற முறையில் நான் வற்புறுத்துவது வலைக்கண்ணின் அளவை. இரண்டங்குலக் கண்ணில் குழந்தையின் கை எளிதில் நுழையும், நாயின் மூக்கும் பல்லும் வெளியே வரும். வெறிநோய் கண்ட தெருநாய் ஒன்று வெளியிலிருந்து நம் நாயைக் கடிக்கவும் அந்த இடைவெளி போதும். ஆகவே தெருவை ஒட்டிய பகுதியில், தரையிலிருந்து நான்கடி வரை, ஓரங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை மேலும் ஓர் அடுக்காகப் பொருத்துங்கள். அதன்மேல் பச்சை நிழல்வலை கட்டினால், போவோர் வருவோரைப் பார்த்துக் குரைப்பதும் குறையும்.

கதவு ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருப்பது நன்று: இடையே ஒருவர் நிற்கும் இடம், ஒன்றை மூடிய பின்னரே மற்றதைத் திறப்பது. கதவின் அடியில் இரண்டங்குலத்திற்கு மேல் சந்து விடாதீர்கள்.

மனை முழுவதையும் வளைக்க வசதியில்லை என்பார்க்கு: வேண்டியதில்லை. நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு மூலையைப் பத்துக்குப் பதினைந்தடி வளைத்தாலும், ஆள் வரும் நேரத்தில் நாயை அங்கே விடலாம். காலை மாலை உலவ அழைத்துச் செல்லும் கடமை அதனால் தீராது.

நம் வாசகர்களுள் சிலருக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. மண்ணீரல் அகற்றப்பட்டோர், கல்லீரல் சுருங்கியோர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர் ஆகியோருக்கு நாயின் வாயில் இயல்பாக வாழும் கிருமிகளே உயிருக்கு ஆபத்தாகலாம். சிறு பற்குறி பட்டாலும் அன்றே வாருங்கள். எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு, மேலோட்டமான கீறலுக்கும் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் தேவைப்படக்கூடும்.

யாரைக் கடித்தாலும் முதல் வேலை ஒன்றே. குழாய் நீரில் சோப்பு இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பின்னர் தாமதமின்றி மருத்துவமனை. தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மையே. அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் எங்களால் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அத்தகைய நோயாளியின் அருகில் நின்ற இரவுகளை நான் மறக்கவில்லை.

அந்த இளைஞர் இன்றும் எங்கள் இல்லத்திற்கு வருகிறார். தந்தையார் கைத்தடியுடன் நடக்கிறார். வாசலில் நின்று, "சார், உள்கதவு கொண்டி போட்டாச்சா?" என்று அவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். நான் எழுந்து சென்று, கொண்டியை அசைத்துக் காட்டிய பின்னரே உள்ளே வருவார்.