மஞ்சள் ஒரு வியாதியா?

எங்கள் வீட்டு இளவட்டங்கள் பழைய கேம்பாய்க்குப் புது மேல்கூடு வாங்கப் போகிறார்களாம். காரணம், சாம்பல் நிறம் மங்கி மஞ்சளடித்துவிட்டது. பாரீஸிலிருந்து உறவினர் ஒருவர் தொண்ணூறுகளில் கொண்டுவந்து என் மகனுக்குக் கொடுத்தது அது. முதுகில் அவரே கீறிய மகனின் பெயர் இன்னும் இருக்கிறது. கொடுத்தவர் இன்று இல்லை. அந்தக் கூட்டைத்தான் குப்பையில் போடப் போகிறார்கள். நான் கூடாது என்கிறேன்.

நண்பர்களே, அந்தக் காலத்து பிளாஸ்டிக் வெயிலும் வெக்கையும் பட்டால் மஞ்சளாகும். நம் விருதுநகர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அதனால் பொத்தான் அமுங்காமல் போவதில்லை, ஆட்டமும் நிற்பதில்லை. வெண்கலத்தில் வயதால் ஏறும் நிறத்துக்கு நான் படித்த பிரெஞ்சில் 'பத்தீன்' என்று பெயர். அதற்கு அங்கே விலை கூடும். இங்கே அழுக்கு என்கிறோம்.

1991 வளைகுடாப் போரில் சிக்கிக் கருகிய ஒரு கேம்பாய், நியூயார்க்கில் நின்டெண்டோவின் சொந்தக் கடையிலேயே பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. கூடு உருகிக் கோணிப்போயிருக்க, திரையில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கூடு செய்யத் தெரியாத கம்பெனியா அது? அந்தக் கருகலில்தான் கதை இருக்கிறது என்று தெரிந்து விட்டுவைத்தார்கள். தீ என்றால் என்னவென்று தெரிந்த நம் சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"ஆடத்தானே சாமான், அலமாரியில் வைக்கவா?" என்று பேரன் கேட்கிறான். நியாயமான கேள்வி. கூடு விரிசல் விட்டால், பேட்டரி மூடி உடைந்தால் மாற்றட்டும். ஆனால் அதைத் திறப்பதே லேசான வேலையில்லை. வெளித் திருகுகளின் தலை மூன்று கால் வடிவம். வீட்டுத் திருப்புளி சேராது. முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு மெல்லிய பட்டை வயர் இணைக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் போச்சு. நிறத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

மாற்றினால் இரண்டு காரியம் செய்யட்டும். பழைய கூட்டைப் பத்திரப்படுத்தட்டும். வரிசை எண் ஒட்டியிருப்பது அதில்தான். பிறகு யாருக்குக் கொடுத்தாலும் விற்றாலும், கூடு மாற்றியது என்று சொல்லட்டும். ஆபீசில் கோப்பின் அட்டை கிழிந்தால் நாங்கள் புது அட்டை போட்டதுண்டு. பழைய எண்ணை அதன்மேல் எழுதாமல் போட்டதில்லை. எழுதாவிட்டால் அது வேறு கோப்பு. அதேபோல, புதுக் கூட்டை மாட்டி 'அசல்' என்று விற்பது வியாபாரம் இல்லை, மோசடி.

லேபிள் அச்சடித்தே வளர்ந்த ஊர் சிவகாசி. லேபிள் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பது நமக்குப் பாலபாடம். மேலே பளபளப்பு இல்லையென்றால் தூக்கிப்போடு என்று பிள்ளைகளுக்குப் பழக்கினால், எழுபது தாண்டி நரைத்துச் சுருங்கிய நம்மை நாளை எந்த நியாயத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வோம்?