பல்லைப் பிடுங்குமுன்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆயினும், முன்பல்லின் வேரில் சீழ் கண்டு, அதன் குழலும் அடைபட்டுவிட்டது என்று கேட்டவுடனே, பிடுங்குவதே கதி என்று முடிவு கட்டிவிடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அது சரியன்று.

பல்லின் நடுவேயுள்ள மெல்லிய குழல் வழியே நரம்பும் இரத்த நாளங்களும் செல்கின்றன. இளமையில் விழுந்து பல் அடிபட்டால், பல்லின் தாதுவே அக்குழலுள் ஆண்டுக்கணக்கில் படிந்து, வழியைத் தூர்த்துவிடுவதுண்டு. பல்லும் மஞ்சள் நிறம் கொள்ளும். இதற்கு மட்டும் அஞ்ச வேண்டுவதில்லை. இத்தகைய பற்களிற் பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை. வேர் நுனியில் நோய் பற்றினால்தான் சிகிச்சை தேவை.

வைத்தியர் முதலில் உருப்பெருக்கியின் துணையோடு மேலிருந்தே வழி தேடுவார். கிட்டாவிடில், வேர் நுனி அறுவை செய்வார். குகைப் பாதையின் ஒரு வாயில் அடைபட்டால் மறு வாயில் வழியே புகுவது போன்றதே இது. மரத்துப்போக ஊசியிட்டு, ஈறை விலக்கி, எலும்பில் சிறு சாளரம் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் அறுத்து, நோயுற்ற சதையையும் அகற்றுவர். பின்னர் வெட்டுமுகத்தில் சிறு குழி செய்து, ஈரத்திலும் இறுகும் ஒருவகைச் சிமெண்டால் அடைத்துத் தையலிடுவர். இச்சிமெண்டு 1990-களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. எலும்பு மீண்டும் வளரப் பல மாதங்கள் செல்லும்.

வேர் பிளந்த பல்லுக்கும், எலும்பின் பிடிப்பிழந்து ஆடும் பல்லுக்கும் இம்முறை உதவாது. நீரிழிவு உடையோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் அதனை முன்னரே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

நம் ஹைதராபாத்தில், அப்ஸல்கஞ்சிலுள்ள அரசினர் பல் மருத்துவக் கல்லூரி 1959-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. தனியார் வைத்தியரிடம் பெருஞ்செலவு செய்ய இயலாதோர் அங்குச் சென்று ஆலோசனை கேட்கலாம்.

புதிதாக இந்நகருக்கு வந்தோர்க்கு மொழியும் ஒரு தடையே. பல்லைக் காட்டிப் பிடுங்கச் சொல்லுவது எளிது. காப்பாற்ற இயலுமா என்று கேட்கத்தான் சொல் வேண்டும். தெலுங்கில் "பன்னு காபாடவச்சா?" என்றும், உருதுவில் "தாந்த் பச் ஸக்தா ஹை க்யா?" என்றும் கேளுங்கள். பிடுங்கிய பல் திரும்பி வாராது, கேள்விக்கோ காசில்லை.